வாய்ப்பாட்டோடு ஓர் எண்

பெண் குழந்தை பிழைத்திருப்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று தருமபுரி மாவட்டத்தில் உண்டு. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கும் வந்தது அதனால்தான். அந்நாளில் பிறந்த பெண்களின் பிள்ளைகள் இன்று பென்னாகரத்திலும் அரூரிலும் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு உரிமையை எப்படிச் சொல்லித்தருவது?

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது, இந்தியா 1992-இல் ஏற்றது என்று கரும்பலகையில் எழுதினால் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அது போதாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வாய்ப்பாடு போல நாவில் நிற்க வேண்டும். 18 வயது ஆகாத அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தால், டீச்சரிடம் ஓடிவந்து சொல்லும் துணிச்சல் வேண்டும். பிரம்பு இருக்கும் வகுப்பறையில் அந்தத் துணிச்சல் முளைக்காது. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடுக்கிறது. காலை உணவுக்கு எல்லாரும் ஒரே வரிசையில் அமர்வதும், கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையையும் ஏவாதிருப்பதும்தான் முதல் குடிமைப் பாடம் என்பேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்கள் கூடும் நாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பேசவிடலாமே!