பிரதி செய்வோனின் அறம்

மூலத்தில் உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதுதல் அடிமை மனத்தின் தொழிலா, அறிவுடையோர் ஏற்கத்தக்க அறமா? எதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும், பழமையாயினும் பொருந்தாதது விலக்கப்பட வேண்டும் என்று மாணவர்க்கு நாள்தோறும் கூறும் நாம், இவ்வினாவுக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.

சீக்கியரின் மறைநூலாகிய ஆதி கிரந்தத்தின் வரலாறு இங்கே நமக்குத் துணைபுரிகின்றது. 1604 ஆம் ஆண்டில் குரு அர்ஜன் தொகுத்த அந்நூலை, அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பாயி குருதாஸ் என்பர். குருமார் பாடல்களோடு நெசவாளராகிய கபீர், தோல்தொழிலாளராகிய ரவிதாஸ், இசுலாமிய ஞானியாகிய ஷேக் பரீத் ஆகியோர் பாடல்களும் அதில் இடம்பெற்றன. பாட்டின் ஈற்றில் எண்கள் இடப்பட்டுள்ளன. பகுதிகள் இத்தனை, பாடல்கள் இத்தனை என்று அவை தொகை காட்டும். இடையே ஒன்றைச் செருகினாலும், ஒன்றை நீக்கினாலும் கணக்கு இடறும். அச்சு வருமுன்னர்க் கைப்பிரதிகளாலேயே பரவிய நூலுக்கு இவ்வெண்கள் காவலாய் நின்றன.

கை சோர்வதால் நேரும் பிழையினும் கொடியது அச்சத்தால் நேரும் பிழை. ஏழாம் குருவாகிய ஹர் ராயின் மகன் ராம் ராய், பேரரசன் ஔரங்கசீப்பின் அவையிலே குரு நானக்கின் பாடலொன்றுக்கு விளக்கங்கூற நேர்ந்தபோது, 'முசல்மான்' என வரும் இடத்தில் வேறொரு சொல்லைப் பெய்து அரசனை மகிழ்வித்தான் என்றும், அதனை அறிந்த தந்தை அவனை விலக்கிவிட்டார் என்றும் சீக்கியர் மரபு கூறும். மாறியது ஒரு சொல்லே. ஆயினும் அதிகாரத்தின் முகம்பார்த்து ஒரு சொல் மாறுமாயின், நாளை எச்சொல்லும் மாறும். நூலை நம்புவோன் மட்டுமா அங்கே ஏமாற்றப்படுகின்றான்? அதனை மறுப்போனும் ஏமாற்றப்படுகின்றான். மறுப்பதற்கும் மெய்யான மூலம் வேண்டுமன்றோ?

இனி, உள்ளவாறு எழுதுதல் கண்ணை மூடிக்கொண்டு எழுதுதல் ஆகாது. பழைய கிரந்தப் பிரதிகளில் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தே எழுதப்பட்டன. நமது பனையோலை ஏடுகளும் அவ்வாறே. ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளி இடாது விடுவர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு வரிவடிவில் தோன்றாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். பொருளறியாதான் பெயர்த்தெழுதின் பிழை பெருகும். பொருளறிந்தான் செருக்குறின் தன் கருத்தையே மூலமாக்கிவிடுவான். இவ்விரு தீமைக்கும் மருந்து பல பிரதிகளை ஒப்புநோக்குதலே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவ்வாறே ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத சுவடி எரிந்தபின் எதனோடு எதனை ஒப்புநோக்குவது?

இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அது, ஒருவர் சொல்லை ஏட்டில் ஏறவே விடாமை. ரவிதாஸின் பாடல் தோல்தொழிலாளியின் பாடலென ஒதுக்கப்படாமல் மறைநூலுள் இடம்பெற்றது. இடம்பெற்றபின் எழுத்துக்கெழுத்துக் காக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் பள்ளியில் மற்றவரோடு சம ஆசனத்தில் அமர்வதற்கே 1920களிலும் 1930களிலும் போராட வேண்டியிருந்தது. எழுத்தே மறுக்கப்பட்டவரின் பாடலை எவர் ஏட்டில் எழுதிக் காத்திருப்பர்?

ஆதலின், அரியாலையிலும் அயற்கிராமங்களிலும் வயலோடும் கடலோடும் பனையோடும் உழைத்த முதியோர் நாவில் எஞ்சிநிற்கும் பாடல்களையும் கதைகளையும் நம் மாணவர் எழுதிவைத்தல் வேண்டும். எழுதுங்கால் அவர்தம் பேச்சைத் திருத்தி அழகுபடுத்த நமது கை துடிக்கும். கொச்சையென்று ஒரு சொல்லை மாற்றுவோமாயின், படித்தோர் அவையின் முகம்பார்த்து ராம் ராய் செய்ததையே நாமும் செய்தவராவோம். ஐயம் எழுமிடத்தில் ஐயமென்று குறிப்போம். நம் கருத்து வேறாயின் அதனை ஓரத்திலே நம் பெயரோடு எழுதுவோம். பாடியவரின் சொல் பாடியவரின் சொல்லாகவே நிற்கட்டும்.