பெயரறிந்து பேணுதல்



மும்மணிகளை நாம் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் வரிசையிலேயே ஓதி வருகிறோம். கொல்லாமை என்னும் தலையாய அறம் மூன்றாவதாகிய ஒழுக்கத்தின்பாற் பட்டது. அதற்கு முன்னே ஞானம் நிற்கிறது. அவ்வாறாயின், அறியாத உயிரை ஒருவர் எங்ஙனம் காப்பார்? 'எல்லா உயிர்க்கும் இரங்குகிறேன்' என்று சொல்லுதல் எளிது. இல்லத்திலிருந்து ஜினாலயம் வரை நடந்து வந்த வழியில் நின்ற மரங்கள் எவை, குரல் கொடுத்த பறவைகள் எவை என்று கேட்டால், 'ஏதோ ஒரு மரம், ஏதோ ஒரு குருவி' என்பதே நம்மில் பலருடைய விடையாக இருக்கும். நற்காட்சி என்பது தத்துவங்களின்பால் கொள்ளும் தெளிந்த நம்பிக்கை என்பது உண்மையே. ஆயினும், ஏட்டிலுள்ள ஜீவனை நம்பி, எதிரே நிற்கும் ஜீவனைப் பாராமற் போவது நம்பிக்கைக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுப்பது நம் ஆகம மரபு. தொல்காப்பிய மரபியலும் புல் மரங்களை ஓரறிவுயிர் என்றும், எறும்பு முதலியவற்றை மூவறிவுயிர் என்றும் படிப்படியாக வகுக்கிறது. எறும்பு செல்லும் தடத்தைக் குனிந்து நோக்கியவர்களுக்கே அத்தகைய வகுப்பு கைகூடும்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது இரியா சமிதி. நான்கு முழ தூரம் நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடிவைத்தல் அது. இல்லறத்தார்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கோடையில் ஏரிக்கரையிலோ தரிசு நிலத்திலோ நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழியில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும். மண்நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட அம்முட்டைகள் கற்களைப் போலவே தோன்றும். அக்குரலை வெறும் இரைச்சல் என்று எண்ணுகிறவர் மேலே நடந்து போவார். அதனை அறிந்தவரோ நின்று, காலடியை நோக்கி, வந்த வழியே விலகுவார். இருவர் நெஞ்சிலும் இரக்கம் சமமாகவே இருக்கலாம். முட்டை பிழைப்பது அறிந்தவரால்தான்.

நம் எட்டு மூலகுணங்களைக் காணுங்கள். கள், ஊன், தேன் ஆகியவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் விலக்க வேண்டும் என்பது விதி. அவற்றுள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதே காரணம். தாவர நூலாரும் இதையே கண்டுள்ளனர். அத்திப்பழம் என்று நாம் அழைப்பது உட்புறமாகக் கவிந்த ஒரு பூங்கொத்து. அதன் நுனியிலுள்ள சிறு துளை வழியே மிகச் சிறிய குளவி நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, பெரும்பாலும் உள்ளேயே மடிகிறது. இம்மரங்களை அடையாளம் காணத் தெரியாதவர் இவ்விரதத்தைப் பிறர் சொல்கேட்டு மட்டுமே காக்க இயலும்.

இனி நான் சொல்லப் போவது சற்றுத் துயரமானது. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமிகளை நம் மரபு கிருத்ரபிச்சாசாரியர் என்றும் போற்றுகிறது. கிருத்ரம் என்பது பிணந்தின்னிக் கழுகாகிய பாறு. பிச்சம் என்பது பீலி. ஓர் ஆசாரியரின் திருப்பெயரிலேயே இடம்பெற்ற அப்பறவை, 1990களில் பாரத நாடெங்கும் மளமளவென்று மறைந்தது. வெண்முதுகுப் பாறுகளில் 1992க்கும் 2007க்கும் இடையே 100க்கு 99க்கு மேல் அழிந்தன. வேடன் எவனும் அவற்றை எய்து வீழ்த்தவில்லை. நோயுற்ற மாட்டின் வலி தணிய டைக்ளோஃபினாக் என்னும் மருந்தைக் கொடுத்தனர். அம்மாடு இறந்தபின் அதனைத் தின்ற பறவைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. காரணம் 2004இல் உலகறிய வெளியாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதற்கு அரசு தடைவிதித்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைக் காண நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு வரை செல்ல வேண்டும்.

மாட்டுக்கு இரங்கிக் கொடுத்த மருந்து இது என்பதை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கருணைக்கு அங்கே குறைவில்லை. அறிவுதான் இல்லை. நம் ஊர் வானில் வட்டமிட்ட ஒன்று இல்லாமற் போனதைக்கூட எத்தனை பேர் கவனித்தோம்?

கவனிப்பதற்குப் பெருநூற் பயிற்சி தேவையில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவியரிடம் நான் சொல்லி வந்தது ஒன்றே: பெயரைச் சொல்லிக் கொடுக்க விரையாதீர்கள், முதலில் கண்டதைக் குழந்தை சொல்லட்டும். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? வால் எத்தகையது? எங்கே அமர்ந்தது? 'மைனாவைவிட மெலிந்தது, உடல் முழுதும் கருமை, வால் இரண்டாகப் பிளந்தது, மாட்டின் முதுகில் இருந்தது' என்று குழந்தை சொல்லிவிட்டால், 'அதுதான் கரிச்சான்' என்று நாம் சொல்லும் பெயர் அதன் நெஞ்சில் ஆணியடித்தாற்போல் நிற்கும். பெயர் தெரியாவிடில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். அவர் அறிந்தது நம்மிற் பலர் அறியாதது.

மரங்களுக்கும் இம்முறையே. அருகப் பெருமான் வீற்றிருப்பது பிண்டியாகிய அசோகின் நிழலில் என்பதை நம் குழந்தைகள் அறிவர். ஆனால் தெருவில் அவர்களுக்கு 'அசோக மரம்' என்று நாம் காட்டுவது பெரும்பாலும் நெட்டிலிங்கம். தூண் போல் உயர்ந்து, அலைபோன்ற விளிம்புடைய நீண்ட தனியிலைகள் தொங்க, வெளிர்பச்சைப் பூக்கள் பூப்பது நெட்டிலிங்கம். அசோகின் இலை பல சிற்றிலைகள் எதிரெதிராய் அமைந்த கூட்டிலை. அதன் இளந்தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். உங்கள் ஊர் ஆலயத்தருகே நிற்பது எது என்று மாசி, பங்குனியில் குழந்தைகளை அழைத்துச் சென்று பாருங்கள். கிளைகளை ஒட்டிச் செம்மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்திருந்தால் அதுவே பிண்டி.