சார்பும் கைம்மாறும்

உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. யாதேனும் ஒன்றைச் சார்ந்தே நிற்கும் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிரும் தான் சார்ந்த பொருளின் தன்மையைத் தன்மேற் கொண்டு விளங்கும். இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என ஆன்றோர் வழங்குவர். பாசத்தைச் சார்ந்தவிடத்துப் பாசமேபோல் நிற்கும்; பதியைச் சார்ந்தவிடத்துப் பதியேபோல் நிற்கும். ஆகலின், சாராதிருத்தல் உயிர்க்கு இயலாத காரியம். எதனைச் சார்வது, சார்ந்து யாது செய்வது என்பனவே எஞ்சிய வினாக்கள். ஒன்றையொன்று சார்ந்து கூடி வாழ்தல் தானே அறமாமோ? அன்றி, அக்கூட்டத்தினின்றும் பிறக்கும் செயலால் மட்டுமே அஃது அறமென்றும் மறமென்றும் பிரிவதாமோ? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாங்கனிக்குப் பெயர் பெற்றது. ஊத்தங்கரை வட்டாரத்து மாந்தோப்பினுட் புகுந்து பார்ப்பார்க்கு இவ்வினா மரத்தின்மேலேயே எழுதிக் கிடக்கும். முதிர்ந்த கிளையிற் புல்லுருவி படர்ந்திருக்கும். பறவை வழியாக வந்த வித்து பட்டையில் ஒட்டி முளைத்து, வேரை உள்ளே செலுத்தி, மரம் நிலத்தினின்று வருந்தி ஈர்த்த நீரைத் தான் கவர்ந்துகொள்ளும். அதனாற் கிளை நாளடைவில் நலியும். அதே மரத்தில் இலைகளை இணைத்துக் கூடு கட்டும் முசிறு என்னும் செவ்வெறும்பும் வாழும். மரத்தைத் தின்ன வரும் புழு பூச்சிகளை அது பற்றிக் கொல்லும். இரண்டும் மரத்தைச் சார்ந்தனவே. சார்பு ஒன்று, பயன் வேறு.

இவ்வேறுபாட்டை இதனினும் நுட்பமாகக் காட்டுவன கடலில் வாழும் சில சிறு நண்டுகள். வயல் வரப்பில் வளை தோண்டும் நண்டினையே கண்டு பழகிய உள்நாட்டார்க்கு இவை புதியன. நண்டு என்றதும் தனக்கென ஓர் ஓடும், தற்காப்பிற்கு இரு கொடுக்கும் உடையதாய்த் தனித்துத் திரிவதொன்றே நினைவில் எழும். ஆயின், பிறிதோர் உயிரின் உடலையே வீடாகக் கொண்டு வாழ்நாளைக் கழிக்கும் நண்டினங்களும் உள. தொல்காப்பிய மரபியல் நண்டினை நான்கறிவுடையவற்றுள் வைத்தது. சிப்பி வகைகளையோ ஈரறிவுடையவற்றுள் அடக்குவர் உரையாளர். நான்கறிவுடையது ஈரறிவுடையதன் வீட்டிற் குடிபுகுந்தால் விளைவது யாது என்பது காணத்தக்கது.

சிப்பிகளுள் வாழ்வது பட்டாணி நண்டு. உருவாற் பட்டாணிக் கடலையளவே உளதாகலின் இப்பெயர் பெற்றது. தமிழ்நாட்டுக் கடலோரச் சிப்பிகளுள்ளும் இவ்வினம் காணப்படும். மேல்நாட்டார் இதனை நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிசுடாட்டில் என்னும் கிரேக்க அறிஞர், பின்னா என்னும் பெருஞ்சிப்பியினுள் வாழும் சிறு காவலனாக இதனைக் குறித்து, அக்காவலனை இழப்பின் சிப்பி விரைவில் அழியும் என்றார். அடுத்த நூற்றாண்டில் கிரிசிப்பசு என்னும் தத்துவர் இதனை ஓர் எடுத்துக்காட்டாகவே ஆண்டார். சிறுமீன் சிப்பியின் வாயிற் புகுந்ததும் நண்டு கடித்து உணர்த்தும்; சிப்பி மூடிக்கொள்ளும்; கிடைத்த இரையை இரண்டும் பகுத்துண்ணும்; இது வகுத்தானது திருவருளுக்குச் சான்று என்பது அவர் வழிவந்தோர் கொள்கை. உரோம நாட்டுச் சிசரோவும் கி.மு. முதல் நூற்றாண்டில் கடவுளரின் இயல்பு பற்றித் தாம் இயற்றிய நூலில் இதனை எடுத்துரைத்தார்.

கதை அழகியது, ஆயின் மெய்யன்று. சிப்பி மீனைப் பற்றி உண்பதன்று. நீரை உள்ளே ஈர்த்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தன் செவுளில் வடித்து உண்பது. அவ்வாறு வடித்துச் சேர்த்த உணவையே பட்டாணி நண்டு இடைநின்று பறித்துத் தின்கின்றது. செவுளுக்கு ஊறும் விளைவிக்கின்றது. நண்டு புகுந்த சிப்பி மெலிந்து வளர்ச்சி குன்றுதலைச் சிப்பி வளர்ப்போர் பலவிடத்துங் கண்டுளர். நியூசிலாந்து நாட்டில் பச்சை உதட்டு மட்டி வளர்ப்பார்க்கு இதனால் நேரும் இழப்பு ஆராய்ந்து உரைக்கப்பட்டுள்ளது. காவலன் என்று போற்றப்பட்டது உண்மையிற் கள்வனே.

கள்வன் பெறுவது யாது? உணவும் உறையுளும் உழைப்பின்றிப் பெறுகின்றது. இழப்பது யாது? இளமையில் இந்நண்டிற்கு வன்மையான ஓடும், நீந்தும் ஆற்றலும், பார்க்குங் கண்ணும் உள. சிப்பியினுட் புகுந்து முதிர்ந்த பெண் நண்டிற்கோ ஓடு மென்மையுற்று உள்ளுறுப்புப் புறத்தே தோன்றுமளவு மெலிகின்றது, கண் சுருங்குகின்றது, கால் வலியிழக்கின்றது. இனி வெளிப்போந்தால் உயிர் பிழைக்க மாட்டாது. ஆண் நண்டு மட்டும் இரவில் வெளிப்பட்டுத் துணை நாடி, வேறொரு மட்டியின் ஓட்டு விளிம்பை மணிக்கணக்கில் வருடி வாயில் திறக்கக் காத்து நிற்கும். பெண்ணிற்கு அதுவும் இல்லை. புகுந்த வீடே சிறையாயிற்று. நான்கறிவுடையது ஈரறிவுடையதன் நிலைக்குத் தாழ்ந்தது. சார்ந்ததன் வண்ணமாதல் என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி அரிது.

இனி இதற்கு மறுதலையாய் நிற்பது பவளக் காவல் நண்டு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆண்டுக் கிளைத்து வளரும் பவளங்களின் இடுக்கில் ஓரங்குலத்திற்குங் குறைந்த நண்டுகள் பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாய் இணைந்து வாழும். பவளப்பூச்சி கசிவிக்கும் கோழையைக் காலிலுள்ள மயிர்ச்சீப்பால் வாரி உண்பது இவற்றின் வழக்கம். உண்ட வீட்டிற்கு இவை செய்யுங் கைம்மாறு வியக்கத்தக்கது. முட்கிரீடம் எனப்படும் நட்சத்திர மீன், ஓரடிக்கு மேல் அகன்று, நச்சு முள் நிறைந்து, பவளத்தின்மேற் படர்ந்து அதனை உயிரோடு கரைத்துண்பது. அது அணுகியவுடன் இச்சிறு நண்டு வெளிவந்து அதன் குழற்கால்களைக் கிள்ளியும் முட்களை நறுக்கியும் துரத்துகின்றது. பீட்டர் கிளின் என்பார் 1970களில் பனாமாவின் பசிபிக் கரையில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பவளத்தின்மேற் படியும் மணலையும் இவை அகற்றுகின்றன. தென்பசிபிக்கிலுள்ள மூரியா தீவில், நண்டுகளை நீக்கி வைத்த பவளங்களிற் பல ஒரு திங்களுக்குள் மடிந்தன. நண்டோடு இருந்தவை பிழைத்தன என்பது 2006இல் வெளிவந்த ஆராய்ச்சி.

மூன்றாவதாக ஒன்று உண்டு. குத்துச்சண்டை நண்டு என்பது தன் இரு கொடுக்குகளிலும் கடற்சாமந்தி என்னும் உயிரொன்றை ஏந்தித் திரிவது. கடற்சாமந்தியின் நச்சுக் கொட்டே இதற்குப் படைக்கலம். செங்கடலில் வாழும் இவ்வினத்தை இசுரேல் நாட்டார் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட செய்தி கருதத்தக்கது. நண்டு தன் கையிலுள்ள கடற்சாமந்திக்குக் கிடைக்கும் உணவைத் தானே பறித்துக்கொண்டு, அதனை வளரவிடாமற் சிறிதாகவே வைத்திருக்கின்றது. விடுவித்து உணவிட்டால் அக்கடற்சாமந்தி பெரிதாய் வளர்கின்றது. ஈண்டு உள்ளது ஆண்டான் அடிமைத் தொடர்பு. அதுவும் ஆளப்படுவதனைக் குறுகச் செய்து ஆளுந் தொடர்பு.

இம்மூன்றும் புறத்தே பார்ப்பார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். மூன்றிடத்தும் இரண்டுயிர் பிரியாது கூடியுள்ளன. பிரியாமை ஒன்றே நோக்கி அன்பென்று துணிந்தமையாலன்றோ கிரேக்க அறிஞர் கள்வனைக் காவலன் என்றனர்? உவமை கொண்டு மெய்ப்பொருள் தெருட்டும் சமயவாணர் இதனை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். பொய்யுவமையின்மேல் நிறுத்திய கடவுட்கொள்கை, உவமை சரிந்தவழித் தானுஞ் சரியும். இறைவனது அருளுக்கு நண்டின் சான்று வேண்டுவதில்லை. நண்டினின்று உயிரானது கற்கத்தக்கது தன்னைப் பற்றிய பாடமே.

உயிரோடு அநாதியே கூடி நிற்பது ஆணவ மலம். செம்பிற் களிம்புபோல அஃது உயிரோடு பிரிவின்றி நிற்பது. உயிரோடு பிரிவின்றி நிற்பவன் இறைவனும் ஆவன். கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று உதவுதலால் உடனாயும் நிற்பன். கூடி நிற்றல் இரண்டிற்கும் பொது. ஒன்று அறிவை மறைக்கின்றது. மற்றொன்று அறிவை விளக்குகின்றது. ஆகவே, கூட்டத்தை வைத்தன்று, அது செய்யும் செயலை வைத்தே மலமென்றும் அருளென்றும் தெளிதல் வேண்டும். மாந்தரிடையுள்ள கூட்டங்களுக்கும் இதுவே அளவுகோல்.

அற்றேல், பவள நண்டும் தன்னலம் கருதியே காக்கின்றது. பவளம் அழியின் அதற்கு உணவில்லை. ஆதலின் அதனைப் போற்றுதல் எங்ஙனம் எனின், கூறுதும். நண்டு அறமென ஒன்றை அறிந்து செய்வதன்று. தன் இயற்கையின் வழி நிற்பது. பட்டாணி நண்டிற்குப் பழியும் இல்லை; பவள நண்டிற்குப் புகழும் இல்லை. பழியும் புகழும் ஆறறிவு பெற்றும் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் மனிதனுக்கே உரியன. உவமை ஒருபுடையே ஒத்தல் அமையும். நண்டினிடத்து இயற்கையாய் நிகழ்வது மனிதனிடத்து அறிவால் நிகழ்தல் வேண்டும் என்பதே கருத்து.

இன்னும் ஒரு தடை உண்டு. பவளத்திற்கு நண்டின் காவல் வேண்டும். சிவபெருமானுக்கோ உயிரின்பால் வேண்டுவது ஒன்றுமில்லை. அவன் குறைவிலா நிறைவு. அங்ஙனமாயின், தன்னைத் தாங்குவானுக்குக் கைம்மாறு செய்ய உயிரால் இயலாது. பெற்றுக்கொண்டு வாளாவிருத்தலே அதற்கு உரியதாம். பெறுவதன்றிக் கொடுப்பதில்லாத பட்டாணி நண்டே அடியார்க்கு உவமையாம் என்பது அத்தடை.

அன்று. பட்டாணி நண்டு தான் சார்ந்ததனை நலிவித்தது, தானும் நலிந்தது. இறைவனைச் சார்தலால் அவனுக்குக் குறைவும் இல்லை. சார்ந்த உயிர்க்குத் தேய்வும் இல்லை, வளர்ச்சியே உண்டு. குத்துச்சண்டை நண்டு ஆட்கொண்டதனைக் குறுக்கியது. சிவன் ஆட்கொண்ட உயிரை அகலச் செய்கின்றான். ஆகையால் இறைவன் உயிர் என்னும் இவரிடை உள்ள தொடர்புக்குக் கடலில் உவமை இல்லை. கைம்மாறு எங்ஙனம் எனின், மடத்துச் சோறுண்டு தமிழ் கற்ற மாணவனை நினைக்க. ஆசிரியர்க்கு அவன் திருப்பிக் கொடுப்பது யாது? அவர்க்குக் கல்வி குறைந்ததன்று. அவன் கொடுத்து நிரப்ப வேண்டுவதும் இல்லை. தன்னினும் இளையான் ஒருவனுக்கு அவன் கற்பிக்கின்றான். ஆசிரியர் உள்ளம் உவக்கின்றது. அதுபோல, கொள்வானல்லாத இறைவனுக்குரிய கடனை உயிர்களிடத்தே செலுத்துதல்தான் தொண்டு. சரியை முதலாகச் சொல்லப்பட்ட நெறிகளில் அடியார் பணியும் உயிர்க்கிரக்கமும் இடம்பெறுதல் இதனாலென்க.

அக்கடன் செலுத்தப்படுகின்றதா என்பதற்கு மன்னார் வளைகுடாவே சான்று கூறும். தூத்துக்குடிக் கடலில் பவளப் பாறைகளைச் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் பல்லாண்டு வெட்டி எடுத்தனர். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. 2001இல் பவள உயிர்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்ட பின்னரே அவற்றை வெட்டுதல் கடுங்குற்றமாயிற்று. கடல்நீர் வெப்பமுற்றமையால் 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெளிறிய பவளத்திற் கோழை குன்றும். நண்டிற்கு உணவு குறையும். வீடு அழியின் காவலும் அழியும். ஓரங்குல நண்டு தன் வீட்டைக் காக்க ஓரடிப் பகையோடு பொருதது. ஆறறிவுடையான் அவ்வீட்டை நீற்றிச் சுவரிற் பூசினான்.

கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ளார்க்கு இதிற் பங்கில்லை என்று எண்ணற்க. ஊத்தங்கரையின் பாம்பாறு தென்பெண்ணையிற் கலந்து கடலூர்ப் பக்கத்தே கடலை அடைகின்றது. கிணற்று நீர், தோப்பு நிழல், உழவன் உழைப்பு, பெற்றார் சேர்த்த பொருள், ஊர் எடுத்த கோயில் ஆகிய இவையெல்லாம் ஒவ்வொருவனும் குடியிருக்கும் ஓடுகளே. அவற்றினுள் இருந்துகொண்டு உண்பது குற்றமன்று. உயிர்க்குச் சார்பு இயல்பு. உண்டபின் கண்ணும் காலும் வலியிழந்து, ஓடே உலகமென்று கிடத்தல்தான் குற்றம். தன்னைத் தாங்குவது இன்னதென அறிந்து, அதனைத் தானும் இயன்றவளவு தாங்குவோன், சார்பினால் தாழான். அவ்வறிவே முதிர்ந்து, எல்லாவற்றையுந் தாங்கும் முதல்வனிடத்துச் சென்று நிற்பதாகலின், உயிர்களுக்குச் செய்யும் கைம்மாறு வீட்டு நெறிக்கும் முதற்படியாம்.

திருச்சிற்றம்பலம்.