யாருடைய அமைதி?

அமைதியை வேண்டாதார் உலகில் இலர். ஆயினும் அதனை எப்போது பெறுவது என்று கேட்டால், நம்மில் பலர் அதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம். மகளின் திருமணம் முடியட்டும். வீட்டுக் கடன் தீரட்டும். பணி ஓய்வு வரட்டும். ஊருக்குத் திரும்பித் திண்ணையில் அமரும் நாளில் அமைதியும் தானே வந்து அருகில் அமரும் என்று எண்ணுகிறோம். பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து கொல்கத்தாவில் குடியேறிய குடும்பங்களில் இவ்வெண்ணம் பித்தளைப் பாத்திரங்களைப் போலவே தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறி வருகிறது.

நம் தந்தையாரும் அவ்வாறே எண்ணியிருந்தார். ஓய்வு பெற்றதும் ஊருக்குச் சென்றார். ஆறு மாதம் கழித்து அவரிடமிருந்து வந்த கடிதத்தில், ‘காலையில் நடப்பதற்கு அந்த ஏரிக்கரையைப் போல் இங்கு ஓர் இடமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. வாழ்நாளெல்லாம் அவர் எங்கோ தொலைவில் இருப்பதாகக் கருதிய அமைதி, அலுவலகம் செல்லுமுன் கிடைத்த அரைமணி நேரத்தில் இங்கேயே அவருக்கு வாய்த்திருந்தது. அதனை இழந்த பின்னரே அவர் அறிந்தார்.

அவர் குறித்த ஏரி, நம் அன்பர்கள் அனைவரும் அறிந்த இரவீந்திர சரோவர். 1920களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் சதுப்பு நிலத்தை அகழ்ந்து உண்டாக்கிய செயற்கை ஏரி அது. டாக்குரியா ஏரி என்று முதலில் வழங்கி, 1958இல் தாகூரின் பெயரைப் பெற்றது. 192 ஏக்கர் நிலத்தில் 73 ஏக்கர் நீர்ப்பரப்பு. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்க வரும் தமிழர் எவரும் சிறிது தூரம் நடந்தால் அதன் கரையை அடையலாம். மனிதர் வெட்டிய குளமாயினும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் அதனைக் குறைவாக எண்ணுவதில்லை.

இயற்கையைக் காண இமயத்திற்கோ அடர்ந்த கானகத்திற்கோ செல்ல வேண்டும் என்பதில்லை. இதற்குச் சான்றாக ஒரு தமிழரையே காட்டலாம். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலைத் தந்த அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையில் வாழ்ந்தவர். ஆனால் அவர் எழுத்தை நெடுங்காலம் தாங்கி வந்தது நம் கொல்கத்தா நகரத்து ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ். 1950இல் தொடங்கி 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள், அதில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். காட்டு யானையைக் கூர்ந்து நோக்கிய அதே கண்ணால் வீட்டு முற்றத்துக் காகத்தையும் அணிலையும் நோக்கினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த புகைப்படக் கருவியைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது.

இத்தகையோரிடமிருந்து நாம் கற்க வேண்டியது கருவியின் நுட்பத்தையன்று, காத்திருத்தலையே. பறவைக்கு நாம் கட்டளையிட முடியாது. அது தன் இயல்பில் தோன்றும்வரை, நம் அவசரத்தை அடக்கிக் கொண்டு நிற்க வேண்டும். தந்தையாரிடம் ஒரு பழைய ஆக்ஃபா க்ளிக் இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஆதலின் அவர் நெடுநேரம் பார்ப்பார், அருமையாகவே எடுப்பார். இன்று நம் கைபேசி ஒரு காலைப்பொழுதில் இருநூறு படங்களை எடுத்துத் தருகிறது. எடுப்பது மிகுந்தது, பார்ப்பது குறைந்தது. இதை உணர்ந்தே நாமும் சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் நின்று, பொறுமையாகப் பார்க்கப் பழகி வந்தோம். அதனால் மனம் அமைதியுற்றது என்றும் நம்பினோம்.

அந்நம்பிக்கையைச் சோதித்தது ஒரு மார்கழிக் காலை. பதின்மூன்று வயது மகன் அன்று உடன் வந்திருந்தான். கரையோரத்தில் ஒரு மடையான் நின்றது. மண்ணோடு மண்ணாகத் தோன்றும் நிறம். அசையாவிடில் அங்குப் பறவை இருப்பதே தெரியாது. கருவியைக் கண்ணில் பொருத்திய வேளையில் மகன், ‘அப்பா, ஒன்று சொல்ல வேண்டும்’ என்றான். நாம் திரும்பிப் பாராமலே கையை உயர்த்தினோம். அவன் நிறுத்திக் கொண்டான். மடையானுக்காக இருபது நிமிடம் நின்றோம். படம் நன்றாக அமைந்தது. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

அன்றிரவு நம் துணைவியார் செய்தியைச் சொன்னார். மகன் கணக்குத் தேர்வில் தோல்வியுற்றிருந்தான். நான்கு நாட்களாக அதனைச் சொல்லத் தயங்கியவன், ‘ஏரிக்கரையில் அப்பா சாந்தமாக இருப்பார், அங்கே சொல்கிறேன்’ என்று அம்மாவிடம் கூறிவிட்டு வந்திருக்கிறான்.

அவன் நம் அமைதியை நம்பி வந்தான். அவ்வமைதியில் அவனுக்கு இடமில்லாமற் போயிற்று. அப்படியாயின் அது யாருடைய அமைதி?

‘ஆறு நாளும் கோப்புகளோடும் பேருந்து நெரிசலோடும் போராடுபவன், ஏழாம் நாள் ஒருமணி நேரம் தனித்திருக்க விரும்புவது குற்றமா?’ என்று சிலர் கேட்கலாம். குற்றமன்று. தனிமை உள்ளத்திற்கு உணவு. ஓயாது பிறர்க்கே செவி கொடுப்பவன் விரைவில் சலித்துப் போவான். சலித்தவனிடம் அன்பும் வறண்டுவிடும். தனிமையை நாடியது நம் பிழையன்று. ஒரு பறவைக்கு மனமுவந்து அளித்த பொறுமையை, பெற்ற மகனுக்கு மறுத்ததே பிழை.

இன்னும் ஒன்றையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். நம் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் எதிலும் துணைவியார் இல்லை. நாம் நீர்ப்பரப்பை நோக்கி நின்ற அந்நேரத்தில் அவர் அடுப்பின் முன் நின்றிருந்தார். நம் அமைதி அவருடைய ஓய்வின்மையின்மேல் எழுப்பப் பெற்றிருந்தது. நம் தந்தையார் காலத்திலும் அன்னையார் அவ்வாறே நின்றிருப்பார் என்பதையும் உணர்ந்தோம். அன்னையாரிடம் ‘உமக்கு எந்த இடம் பிடிக்கும்?’ என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

அழகைக் கண்டு இன்புறுவது இரசனை. அந்த இன்பத்தால் பிறரிடம் நாம் நடந்து கொள்ளும் முறை மாறுமாயின் அது பண்பு. இரசனை படத்தின் சட்டத்திற்குள் நின்றுவிடும்; பண்போ சட்டத்திற்கு வெளியே நிற்பவரையும் காணும். இயற்கையை நோக்கிப் பெறும் அமைதி மெய்யானதா என்பதை ஏரிக்கரையில் அறிய இயலாது. வீட்டிற்கு வந்தபின், ஒரு சிறுவன் திக்கித் திக்கிச் சொல்லும் சொல் முடியும்வரை காத்திருக்கிறோமா என்பதில்தான் அறிய இயலும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருமாகச் செல்கிறோம். சிற்றுண்டி திரும்பி வந்தபின்தான். மாவு கரைப்பதும் தேங்காய் துருவுவதும் பங்கிட்ட வேலை. துணைவியார் பறவைகளைவிட, கரையில் நடக்கும் மனிதர்களைப் பார்ப்பதையே விரும்புகிறார் என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அறிந்தோம். மகனோ பேசிக்கொண்டே வருவான். படங்கள் குறைந்துவிட்டன.

சென்ற மாதம் அவன் பள்ளிக்கதை ஒன்றை உரத்துச் சொன்னபோது, காலடியில் இருந்த மடையான் ஒன்று வெருண்டெழுந்தது. மண்நிறப் பறவை சிறகை விரித்ததும் வெள்ளை வெளேரென்று ஆனது. கருவி பைக்குள் இருந்தது. ‘பார்த்தீர்களா அப்பா!’ என்றான் மகன். பார்த்தோம், மூவரும் சேர்ந்தே பார்த்தோம்.

ஊர் திரும்பும் நாள் வரட்டும். அது நல்ல நாளே. ஆனால் அமைதியை அந்நாளுக்கென்று ஒத்திவைக்க வேண்டா. இன்று நம் எதிரில் நின்று ஏதோ சொல்ல விழைபவருக்கு முகம் கொடுப்போம். அவர் சொல்லி முடித்தபின் இருவருக்கும் பொதுவாக நிலவுகின்ற மௌனமே நாம் தேடும் அமைதி.