வினைமுற்று இல்லாத தலைப்பு

அக்காவின் கல்யாண விருந்து கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ளே வரும்போது என்ன பாட்டு போடுவது என்ற பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் பாட்டு கேட்கிற ஆள் நான் ஒருத்தன்தான். யோசிக்காமல் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ என்று எழுதிக் கொடுத்தேன். நீ விடும் ஒவ்வொரு மூச்சும்! இதைவிடக் காதல் என்ன வேண்டும்? மெட்டும் மென்மை. எல்லோரும் கைதட்டினார்கள்.

பல வருடம் கழித்துத்தான் அதை முழுசாகக் கேட்டேன். 1983இல் ‘தி போலீஸ்’ குழுவுக்காக ஸ்டிங் எழுதியது. விட்டுப்போன பெண்ணின் ஒவ்வொரு அசைவையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவன் பாடுகிறான். இதில் இருப்பது பொறாமையும் வேவும் என்று ஸ்டிங்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருந்தும் கல்யாணங்களில் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தலைப்பு பொய் சொன்னதா? இல்லை, பாட்டில் உள்ள சொற்கள்தான். பள்ளிக்கூட இலக்கணத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ‘விடும்’ என்பது பெயரெச்சம். அந்த மூச்சையெல்லாம் இவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லும் வினைமுற்று தலைப்பில் இல்லை. சில அடிகள் தள்ளித்தான் வருகிறது. நேசிப்பான் என்று நானாக நிரப்பிக்கொண்டேன். கண்காணிப்பான் என்கிறது பாட்டு.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். நம் சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் தனித் தலைப்பே கிடையாது, பல்லவியின் முதல் சொற்கள்தான் பெயர். மின்னல் எஃப்எம்முக்கு ஃபோன் போட்டால் அதைச் சொல்லித்தான் கேட்கிறோம். தமிழ் வாக்கியத்திலோ வினை கடைசியில் வரும். பாதி நேரம் பாட்டு வாயைத் திறந்ததுமே பெயர் வைத்துவிடுகிறோம்.

பழைய தொகுப்புகளில் வேறு வழக்கம் இருந்தது. பதிற்றுப்பத்தில் பாட்டுக்குள்ளிருந்து சிறந்த ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்தார்கள். ‘புண்ணுமிழ் குருதி’ அப்படி வந்ததுதான். குறுந்தொகை 40ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. பாட்டின் நான்காம் அடியிலுள்ள உவமையை வைத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். ஐந்தே அடிப் பாட்டு, அதில் நான்கு அடி வரை ஒருவர் பொறுமையாகப் போயிருக்கிறார். முதலடியோடு நின்றிருந்தால் இரண்டு தாய்மார்களைப் பற்றிய பாட்டு, சம்பந்திச் சண்டை என்றுகூட நினைத்திருக்கலாம்.

“கேட்கிறவன் சந்தோஷமாகக் கேட்டான், அது போதாதா? பாட்டு அவனுடையதுதானே” என்று ஒரு நண்பன் வாதாடினான். எனக்குப் பிடித்த வாதம்தான். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பு பொய்யில்லை. ஆனால் இன்னொருவர் வாழ்க்கைக்குப் பாட்டு தேர்ந்தெடுத்துக் கொடுப்பவனுக்கு அந்தச் சலுகை உண்டா? எனக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. என் அறியாமைக்கு அவள் ஆடினாள்.

கல்யாணமான மூன்றாம் வருடம் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எங்கே போனாலும் படம் எடுத்து அனுப்பணும், பதினைந்து நிமிடம் பதில் இல்லையென்றால் ஃபோன் வந்துவிடும். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். போன தீபாவளிக்குக் காரில் அந்தப் பாட்டு வந்தது. நான் மாற்றக் கையை நீட்டினேன், அவள் தடுத்துவிட்டாள். கடைசிவரை கேட்டாள்.

“இதோட அர்த்தம் உனக்கு அப்பவே தெரியுமாடா?”

“தலைப்பு மட்டும்தான் தெரியும்க்கா.”