வம்சத்து வியாதியும் நிக்காஹ் பேச்சும்



சம்பந்தம் முக்கால் பங்கு பேசி முடிந்திருக்கும். "பெண்ணின் சிறிய தகப்பனாருக்குச் சித்தம் கலங்கியிருந்ததாமே" என்று ஒருவர் காதில் போடுவார். அத்தோடு பேச்சு நின்றுவிடும். கேட்டால் ஹதீதையே காட்டுகிறார்கள். ஈரத் தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, வம்சத்தின் குறையை மட்டும் மறைக்கலாமா என்கிறார்கள். வியாபாரிக்குத் தோன்றக்கூடிய கேள்விதான்.

மூளையின் நடுவே தலாமஸ் என்றொரு பகுதியுண்டு. கண்ணும் காதும் தரும் செய்திகளைத் தரம் பிரித்து முன்மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. கிட்டங்கிக்கும் கடைக்கும் நடுவே நிற்கும் கணக்கப்பிள்ளை மாதிரி. ஸ்கிஸோஃப்ரீனியா என்னும் மனவியாதியில் இந்தப் போக்குவரத்து தளர்ந்திருப்பதை வைத்தியர்கள் படமெடுத்துக் கண்டிருக்கிறார்கள். பிணியாளியின் உடன்பிறந்தாரிடமும் அத்தளர்ச்சி இலேசாகக் காணப்படுவதுண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி வருவதேயில்லை! பொதுவில் 100 பேரில் சுமார் ஒருவருக்கு வருவது, தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் 100க்குச் சுமார் 10 பேருக்கு வருகிறது. மற்ற 90 பேர்? சிறிய தகப்பனார் என்றால் அந்தக் கணக்கு இன்னும் குறையும்.

ஷாபிஈ மத்ஹபில், மணமக்களில் ஒருவருக்கே ஜுனூன் இருந்தால் மற்றவர் நிக்காஹை முறிக்க உரிமையுண்டு. ஆகவே "கல்யாணம் செய்தால் தெளிந்துவிடும்" என்று பிணியுள்ள மகனுக்கு வாய் திறவாமல் பெண் எடுப்பது மோசடி. தானியக் குவியலின் ஹதீது அங்கே பொருந்தும். உறவினரின் பிணி அந்தக் குறைகளின் வரிசையில் இல்லை.

இந்தப் பயத்தினால்தான் பிணியாளியை மறைக்கிறோம். மறைப்பதால் வைத்தியம் தாமதிக்கிறது. 1911 முதல் ஆஸ்பத்திரி நடக்கும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரையே ஏச்சாக்கிவிட்டோம்! குடும்பத்தில் இந்த வியாதி இருந்தால் பிள்ளைகளைக் கஞ்சாவிலிருந்து முக்கியமாகக் காக்க வேண்டும். அது அபாயத்தைக் கூட்டும். பையன் தூக்கம் கெட்டு, இல்லாத குரலுக்குப் பதில் சொன்னால், ஓதிப் பார்ப்பதோடு அன்றே வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பங்குக் கடை வைத்திருப்போர் அன்னிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தைப் பார்க்கவும். அறிவில் பலம் குறைந்தோர் கையில் முதலை ஒப்படைக்க வேண்டாம். ஆனால் அதிலிருந்தே உணவும் உடையும் கொடுத்து, கனிவாகப் பேச வேண்டும் என்பது அதன் கருத்து. மாடியறையில் தம்பியைப் பூட்டிவிட்டு, அவன் பங்கை வருஷக் கணக்கில் காட்டாத அண்ணன்மாரும் நம்மில் இருக்கிறார்கள்.