தொட்டிலருகே பூனை: தல்மூதில் ஒரு வழக்கு

பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டில் பூனை வளர்க்கலாமா என்ற கேள்வியை யூதச் சமயச் சட்டம் ஒரு விபத்திலிருந்து தொடங்கிப் பேசுகிறது. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் பாவா காமா என்ற பகுதி, மனிதராலும் அவர்கள் வளர்க்கும் விலங்குகளாலும் பிறருக்கு நேரும் சேதங்களைப் பற்றியது. அதன் 80ஆம் ஏட்டில், இன்றைய ஈராக்கில் 3ஆம் நூற்றாண்டில் நடந்த சம்பவம் ஒன்று பதிவாகியிருக்கிறது. ரப், சமுவேல், ரப் அசி என்ற மூன்று அறிஞர்கள் ஒரு வீட்டு விழாவுக்குப் போகிறார்கள். அது ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் செய்யும் விருத்தசேதன விழா என்பது ஒரு விளக்கம். தலைப்பிள்ளையை ஒரு மாதம் கழித்து மீட்கும் சடங்கு என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் குழந்தை பிறந்து சில நாட்களோ சில வாரங்களோதான் ஆகியிருந்தன.

மூவரும் வாசலில் நின்றுவிட்டார்கள். ரப், சூரா நகரத்துக் கல்விக்கழகத்தை நிறுவியவர். சமுவேல் நெகர்தியாவின் பெரும் ஆசிரியர், மருத்துவமும் வானியலும் அறிந்தவர். சமுவேலுக்கு முன்னால் நுழைய ரப் மறுத்தார். ரப் அசிக்கு முன்னால் நுழைய சமுவேல் மறுத்தார். ரபுக்கு முன்னால் நுழைய ரப் அசி மறுத்தார். முன்பொரு முறை ரப் கோபத்தில் சமுவேலைச் சபித்திருந்தாராம். அதற்கு ஈடாகத்தான் அவருக்கு இப்படி விட்டுக்கொடுத்து வந்தார் என்று தல்மூத் காரணமும் சொல்கிறது. யார் பின்தங்குவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஒரு பூனை வந்து குழந்தையின் கையைக் கடித்துத் துண்டித்துவிட்டது.

வெளியே வந்த ரப் நான்கு பகுதிகள் கொண்ட ஒரு தீர்ப்பைச் சொன்னார். பூனையைக் கொல்லலாம். அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதை எடுத்துக்கொள்வது திருட்டாகாது. காணாமற்போன பூனையைக் கண்டெடுத்தவர் உரியவரிடம் திருப்பித் தர வேண்டியதில்லை. தல்மூத் தன் வழக்கப்படி ஒவ்வொன்றையும் பிரித்து ஆராய்கிறது. கொல்லலாம் என்ற பிறகு வைத்திருக்கக் கூடாது என்று தனியே சொல்வானேன்? கொல்ல அனுமதி உண்டு, வளர்ப்பதிலும் தவறில்லை என்று யாராவது எண்ணிவிடக் கூடாதே என்பதற்காக. திருட்டாகாது என்ற பின் திருப்பித் தருவதைப் பற்றிய பேச்சு எதற்கு? செத்த பூனையின் தோலைப் பற்றிச் சொல்வதற்காக என்று பிற்கால அறிஞர் ரவினா விளக்கினார். வாசலில் நடந்த மரியாதைப் போட்டியைப் பற்றி மட்டும் தல்மூத் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. இருந்தும் அதைக் கதையிலிருந்து நீக்காமல் இவ்வளவு விரிவாக வைத்திருப்பதே போதுமான விமரிசனம் என்று படிக்க இடமிருக்கிறது.

தீர்ப்புக்கு உடனே ஒரு தடை எழுகிறது. ரபுக்கு முந்திய தலைமுறையில் வாழ்ந்த ரப்பி சீமோன் பென் எலயாசர், வீட்டைச் சுத்தமாக வைப்பதால் பூனைகளையும் சிலவகை நாய்களையும் குரங்குகளையும் வளர்க்கலாம் என்று சொல்லியிருந்தார். எலியும் பூச்சியும் பாம்பும் புகும் மண்வீடுகளில் இது சின்ன நன்மையில்லை. இரண்டு கூற்றையும் ஒத்துப்போகச் செய்ய, தல்மூத் பூனையின் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. கறுப்புப் பூனை தீங்கற்றது, வளர்க்கலாம். வெள்ளைப் பூனை ஆபத்தானது, கூடாது. ஆனால் ரப் கண்ட பூனை கறுப்பாயிற்றே? அது வெள்ளைப் பூனைக்குப் பிறந்த கறுப்பு என்று பதில் வருகிறது. அப்படிப்பட்ட பூனையின் நிலை என்ன என்று ரவினா வேறோர் இடத்தில் ஐயம் எழுப்பியிருக்கிறாரே என்று கேட்டால், அவருடைய ஐயம் கறுப்புக்குப் பிறந்த வெள்ளையின் கறுப்புக் குட்டியைப் பற்றியது, ரப் கண்டதோ வெள்ளைக்குப் பிறந்த வெள்ளையின் கறுப்புக் குட்டி என்று விசாரணை பாட்டன் வரைக்கும் போகிறது. இன்றைய வாசகருக்குச் சிரிப்பு வரலாம். ஐரோப்பிய மூடநம்பிக்கையில் பழி கறுப்பின் மேல் விழுந்தது, இங்கே வெள்ளையின் மேல். ஆனாலும் இந்த விசாரணையின் அடியில் ஒரு நேர்மையான சிக்கல் கிடக்கிறது: பயனுள்ள விலங்கு எது, கடிக்கும் விலங்கு எது என்பதை, கடிப்பதற்கு முன்பே எப்படி அறிவது? 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சுல்ஹான் ஆருக் என்ற சட்ட நூல், நிறத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தது. சிறு குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும் பூனை என்பதே அங்கே வரையறை. இதுவே பொருத்தமான திருத்தம்.

பூனை வளர்க்க இடம்கொடுத்த அதே சீமோன் பென் எலயாசரின் பெயரில் இன்னொரு வியப்பான கூற்றும் இருக்கிறது. அது தல்மூதின் சபாத் பகுதியில் 151ஆம் ஏட்டில் வருகிறது. பிறந்து ஒரே நாள் ஆன குழந்தை உயிரோடிருக்கும்வரை அதை எலியிடமிருந்தும் வீசல் என்ற சிறிய ஊனுண்ணியிடமிருந்தும் காவல் காக்க வேண்டியதில்லை. பாசானின் அரசனாகிய ஓகு போன்ற அரக்க உடல்காரனே ஆனாலும் செத்துவிட்டால் காவல் வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளத்துக்குப் பின் நோவாவுக்குக் கடவுள் சொன்ன வாக்கு இதற்கு ஆதாரம். மனிதரைப் பற்றிய அச்சம் எல்லா விலங்குகளுக்கும் இருக்கும் என்கிறது ஆதியாகமம் 9ஆம் அதிகாரம். அந்த அச்சத்துக்குக் காரணம் உடல் வலிமையன்று, உயிருள்ள மனிதனிடம் இருக்கும் தெய்வச் சாயல். அதனால்தான் ஒருநாள் சிசுவிடம் அது முழுமையாக இருக்கிறது, மாமன்னன் பிணத்திடம் இல்லை.

மனித மதிப்பைப் பற்றிய கூற்றாக இது உயர்ந்தது. நடைமுறை அறிவுரையாக எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ரப் சென்ற வீட்டுக் குழந்தையும் உயிரோடுதான் இருந்தது. தல்மூத் இந்த இரண்டு இடங்களையும் நேருக்கு நேர் நிறுத்தவில்லை. ஆனால் சபாத் பகுதியிலேயே ஒரு பிடி கிடைக்கிறது: விலங்கின் கண்ணுக்கு மனிதன் விலங்காகத் தோன்றும்போதுதான் அது அவனை வெல்லும் என்று அங்கே ஒரு கருத்து வருகிறது. மெய்யியல் மொழியில் சொன்னால், சிசுவின் மதிப்பு அதன் இயல்பிலேயே இருக்கிறது. அதன் பாதுகாப்பு அந்த இயல்பில் இல்லை. அந்த மதிப்பைப் பூனை அறியாது. அறிந்தவர்கள் பெரியவர்கள் மட்டுமே. ஆகவே கடமையும் அவர்களுடையதே.

அந்தக் கடமையின் வடிவத்தை ரப்பி நாத்தான் வகுத்தார். உபாகமம் 22ஆம் அதிகாரம், புதிதாக வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. யாராவது விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும். கடிக்கும் நாயை வீட்டில் வளர்ப்பதையும் ஆட்டம் காணும் ஏணியை வீட்டில் வைப்பதையும் நாத்தான் இதே விதியில் அடக்கினார். நாய்க்கும் ஏணிக்கும் பொதுவானது ஒன்றே. இரண்டும் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிராத நேரத்திலும் தீங்கு செய்யக்கூடியவை. கைப்பிடிச்சுவரும் அப்படித்தான், ஆனால் நல்ல திசையில்: வீட்டார் தூங்கும்போதும் அது நிற்கிறது. இரவு நேரத்துக்கு இந்த விதி இவ்வளவு பொருந்துவது இதனால்தான். காவலர் கண்ணயரலாம், வாசலில் பேசிக்கொண்டு நிற்கலாம். முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாட்டுக்கு உறக்கமில்லை.

பூனை குற்றவாளியா என்பது அடுத்த கேள்வி. மனிதனைக் கொன்ற மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது யாத்திராகமம் 21ஆம் அதிகாரம். அதற்கு 23 நீதிபதிகள் கொண்ட மன்றம் கூட வேண்டும் என்று தல்மூதுக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா சொல்கிறது. ஓநாய், சிங்கம், கரடி போன்றவற்றை முந்திக்கொண்டு கொல்பவருக்குப் புண்ணியம் என்று ரப்பி எலியேசர் சொல்ல, அவற்றுக்கும் 23 பேர் வேண்டும் என்று ரப்பி அகிவா மறுத்தார். ரபின் தீர்ப்பு எலியேசரின் பக்கம் சாய்வது தெரிகிறது. கிறித்தவ ஐரோப்பா விலங்கு வழக்கை உண்மையிலேயே நடத்திப் பார்த்தது. 1386இல் நார்மண்டியின் ஃபலேஸ் நகரில் ஒரு குழந்தையைக் கொன்ற பெண்பன்றியைத் தூக்கிலிட்டார்கள். 1457இல் சவின்யி என்ற ஊரில் தாய்ப்பன்றிக்குத் தண்டனை கிடைத்தது. கூட இருந்த ஆறு குட்டிகள் குற்றத்தில் பங்கேற்றதற்குச் சான்றில்லை என்று தப்பின.

12ஆம் நூற்றாண்டு யூத மெய்யியலாளர் மைமோனிடஸ், திகைத்தோருக்கான வழிகாட்டி என்ற நூலில் இந்தப் போக்கை முன்கூட்டியே மறுத்திருந்தார். முட்டிக் கொன்ற மாட்டைக் கொல்வது மாட்டுக்குத் தண்டனை இல்லை, அதன் உடைமையாளருக்கு விதிக்கும் அபராதம் என்பது அவர் வாதம். பொருள் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் இருந்தால் உடைமையாளர் தன் விலங்கைக் கவனமாகப் பார்த்துக்கொள்வார். விலங்குக்குச் சரி, தவறு தெரியாது என்று ஏற்றுக்கொண்டால், வேறு எந்த விளக்கமும் நியாயமாகாது.

பூனைக்கும் இந்தச் சட்டத்தில் உரிமைகள் உண்டு. உயிரினங்களுக்கு வீண்துன்பம் தரக் கூடாது என்பது வேதமாகிய தோராவின் விதி என்று தல்மூத் முடிவு செய்கிறது. வளர்ப்பு விலங்குக்குத் தீனி வைக்காமல் தான் உண்ணக் கூடாது என்றும் விதிக்கிறது. மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசியைப் பற்றிய கதை இன்னும் கூர்மையானது. அறுப்புக்குப் போகும் கன்று ஒன்று அவரிடம் அடைக்கலம் தேடி வந்தபோது, இதற்காகத்தான் நீ படைக்கப்பட்டாய் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நோய் அவரைப் பற்றியது. பல ஆண்டுகள் கழித்து, வீடு பெருக்கிய பணிப்பெண் வீசல் குட்டிகளைத் துடைத்தெறியப் பார்த்தபோது, விட்டுவிடு என்றார், நோய் நீங்கியது. சிசுவைக் காவல் காப்பது பற்றிய கூற்றில் சபாத் பகுதி பெயர் சொல்லிய அதே விலங்கின் குட்டிகள் அவை.

சமயம் இரவுக்கென்று வகுத்த காவல்கள் வேறு வகை. விருத்தசேதனத்துக்கு முந்திய இரவை ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்கள் விழிப்பிரவாகக் கழித்தார்கள். ஊர்ச் சிறுவர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று பிரார்த்தனை சொன்னார்கள். சிசுவைக் கொல்பவளாகக் கருதப்பட்ட லிலித் என்ற பெண்பேயை விரட்ட, மூன்று தேவதூதர்களின் பெயர் பொறித்த தாயத்துகளைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அவள் பெரிய கரும்பூனையாக வருவாள் என்ற நம்பிக்கை ஸ்பெயின் வழிவந்த செபார்து யூதர்களிடையே இருந்தது. தாயத்தால் பயன் உண்டோ இல்லையோ, இரவெல்லாம் விளக்கும் ஆளும் தொட்டிலருகே இருந்ததால் பயன் இருந்திருக்கும்.

பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பல நாடுகளில் உண்டு. பூனைக்கு அந்த எண்ணமும் இல்லை, அதற்கு ஏற்ற வாயமைப்பும் இல்லை. உண்மையான ஆபத்து அதன் அன்பான பழக்கத்தில் இருக்கிறது. பூனை வெதுவெதுப்பைத் தேடிப் படுக்கும். சிசுவின் முகத்தருகே கிடைப்பது வெதுவெதுப்பு. முதல் மாதங்களில் குழந்தையால் முகத்தை மூடும் எதையும் தள்ளிவிட முடியாது, தானாகப் புரளவும் முடியாது. திடீரென அசையும் சிறு கையைக் கண்டு நகம் நீட்டுவதும் நடக்கக்கூடியதே. ஆகவே பூனை நுழைய முடியாத அறையில், கதவைச் சாத்தி, தலையணையும் பஞ்சுப் பொம்மையும் இல்லாத உறுதியான சமதளப் படுக்கையில் குழந்தையை மல்லாக்கக் கிடத்துவதே வழி. குழந்தை பெற்றோரின் அறையில் தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதால், பூனை வெளியேற வேண்டியது பெரும்பாலும் அந்த அறையிலிருந்துதான். தொட்டிலின் மேல் கட்டும் வலையை நம்புவது சரியில்லை. பூனை மேலே ஏறினால் வலை அதன் எடையோடு குழந்தையின் மேல் தொய்யும். குழந்தை அழுதால் தெரியும்படி ஒலிக்கருவி வைப்பது உதவும், ஆனால் அது காவலாளி மாதிரிதான், சுவர் ஆகாது.

இந்த மாற்றத்தைப் பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்குவது பூனைக்கும் நியாயம். அதற்கு வேறோர் அறையில் படுக்கையும் தண்ணீரும் மணல்தட்டும் பழக்கிவிட்டால், கதவு மூடிய இரவுகளில் அது பிராண்டிக் கத்துவது குறையும். காலித் தொட்டிலிலேயே ஏறிப் படுக்கப் பழகிய பூனையை, குழந்தை வந்தபின் மாற்றுவது கடினம். இவ்வளவு செய்தும் குழந்தையைக் குறிவைத்துப் பாயும் பூனை, சுல்ஹான் ஆருக்கின் வரையறைக்குள் வருவது. குழந்தை இல்லாத வீட்டுக்கு அதை அனுப்புவதால் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் நிறைவேறும், வீண்துன்பம் கூடாது என்ற விதியும் மீறப்படாது.